லீவுக்கு லீவு பிடித்த சிகரெட்

தம்பி,

இந்தக் கடிதம் நீ பெட்டி கட்டுவதற்கு முன்னால் உன் கைக்கு வந்துவிட வேண்டும். துபாய்க்கு எத்தனை நாள் ஆகும் என்று போஸ்ட் ஆபீஸில் கேட்டேன். பத்து நாளில் போய்விடும் என்றார்கள். நீ கிளம்ப இன்னும் இருபது நாள், உன் கல்யாணத்துக்கு இருபத்தாறு நாள். எனக்கு நேரக் கணக்கு ஒன்றுதான் ஒழுங்காக வரும், அது உனக்கே தெரியும். போன வெள்ளிக்கிழமை போனில் என்ன வேண்டும் என்று கேட்டாய். ஒன்றும் வேண்டாம் என்றேன். நீ சிரித்தாய். "ஒங்களுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதாப்பா? ஏர்போர்ட்லயே வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அப்போதே சொல்லியிருக்கலாம். உன் அம்மா பக்கத்தில் நின்று பந்தல்காரனைப் பற்றி எதையோ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அது ஒரு சாக்குதான். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பிரைவேட் வண்டிகளுக்கு டைம் கீப்பராக இருபத்தாறு வருஷம் "எடு, எடு, டைம் ஆச்சு" என்று கத்தினவனுக்கு நீளமாகப் பேச வராது. எழுதினால் குறுக்கே யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள்.

நேற்று உன் மாமா வந்து கல்யாணச் சாமான் லிஸ்ட் எழுதினார். வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சந்தனம், கற்கண்டு, அதற்குக் கீழே சிகரெட் நான்கு பண்டல். பெண் வீட்டார் செந்துறையிலிருந்து வேனில் வந்து இறங்கியதும் ஆம்பிளைகளுக்கு முன்னால் தட்டு நீட்ட வேண்டும், அதில் வெற்றிலைக்குப் பக்கத்தில் சிகரெட்டை வட்டமாக அடுக்கியிருக்க வேண்டும். என் கல்யாணத்திலும் அப்படித்தான் நீட்டினார்கள். நீட்டாவிட்டால் அவமரியாதை என்று பத்து வருஷம் கழித்தும் பேசுவார்கள். நான் பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தேன். உன் மாமாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "நீங்க பிடிப்பீங்க, வர்றவன் பிடிக்கக் கூடாதா?" என்று கேட்டார். பதில் நீளமானது, அவருக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. உனக்குத்தான் சொல்ல வேண்டும்.

நான் வீட்டுக்குள் என்றைக்கும் சிகரெட் பிடித்ததில்லை. என் சட்டையில் அந்த வாடை இருக்கும், நீ சின்ன வயதில் மூக்கைச் சுளிப்பாய், அவ்வளவுதான். எல்லாம் டைம் ஆபீஸ் வாசலில் நடந்தது. டைம் கீப்பர் வேலை என்னவென்று உனக்கு நான் சரியாகச் சொன்னதில்லை. ஒரே ரூட்டில் இரண்டு வண்டி ஓடும். முன்னால் போகிறவன் இரண்டு நிமிஷம் கூட நின்றால் பின்னால் வருகிறவனுக்கு ஆள் கிடைக்காது. அந்த இரண்டு நிமிஷத்துக்குச் சட்டையைப் பிடித்து அடித்துக்கொள்வார்கள். நடுவில் நோட்டும் கையுமாக நான். காலையில் என்னைக் கெட்ட வார்த்தை சொன்ன கண்டக்டர் அடுத்த டிரிப்பில் வந்து ஒரு சிகரெட்டை நீட்டுவான். அதை நான் வாங்கிக்கொண்டால் சண்டை முடிந்தது என்று அர்த்தம். வாங்காவிட்டால் இன்னும் மனசில் வைத்திருக்கிறேன் என்று அர்த்தம். மன்னிப்புக் கேட்கவும் மன்னிக்கவும் எங்களுக்கு வேறு வழி தெரியாது. ஒரு நாளைக்கு எத்தனை சண்டை, அத்தனை சிகரெட். ருசி என்று எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை.

ஜமால் அப்படித்தான் எனக்குப் பழக்கமானான். லப்பைக்குடிக்காடு வண்டியில் கண்டக்டர். முதல் நாள் என் நோட்டைப் பிடுங்கிக் கீழே போட்டான். சாயங்காலம் பெட்டிக்கடைக் கயிற்று நெருப்பில் ஒரே குனிவில் இரண்டைப் பற்றவைத்து ஒன்றை என் வாயில் வைத்தான். அதன் பிறகு பத்து வருஷம், அவன் வண்டி வந்து நிற்கும் எட்டு நிமிஷத்தில் ஒரு டீயும் ஒரு சிகரெட்டும். எங்கள் சிநேகிதத்தின் மொத்த நீளமே எட்டு நிமிஷம், எட்டு நிமிஷமாகச் சேர்ந்ததுதான். நீ அவனை மாமா என்று கூப்பிடுவாய். நாங்கள் ஒருவரை ஒருவர் மாப்ள என்போம். யார் யாருக்கு மாப்பிள்ளை என்று யாரும் கேட்டதில்லை.

தொண்ணூற்றைந்தில் அவன் சவுதியில் தம்மாமுக்குப் போனான். இரண்டு வருஷம் கழித்து முதல் லீவில் வந்தவன் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் இறங்கினான். பெட்டியை அங்கேயே தரையில் வைத்துத் திறந்து, மேலாக வைத்திருந்த ஒரு பண்டலை எடுத்துக் கொடுத்தான். பத்துப் பாக்கெட், தங்கக் கலர் உறை. அத்தனை டிரைவர் கண்டக்டரும் பார்த்தார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவன் முதல் பண்டலை யாருக்குத் தருகிறான் என்பது எங்கள் பக்கத்தில் ஒரு கௌரவம், உனக்கே தெரியும். அன்றைக்கு எனக்கு உண்மையில் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷம் என்று நான் சொல்கிற நாள் அதிகம் இல்லை, அதனால் எழுதி வைக்கிறேன்.

இனி உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டியதற்கு வருகிறேன். நீ ப்ளஸ் டூ படித்த வருஷம் கார்த்திகையில் நான் ஐயப்பனுக்கு மாலை போட்டேன். எல்லோரும் தை பிறக்கும்போது மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றினார்கள். நான் கழற்றவில்லை. என் பையன் பரீட்சை முடிய வேண்டும், சித்திரை விஷுவுக்குத்தான் மலை ஏறுவதாக வேண்டுதல் என்றேன். ஐந்து மாதம் செருப்பில்லாமல் நடந்தேன். நீ அதைப் பார்த்துப் பார்த்துப் படித்தாய். பரீட்சைக்குப் போகும்போது என் வெறுங்காலைத் தொட்டுக் கும்பிட்டாய். தம்பி, அந்த வேண்டுதல் உனக்காக இல்லை.

மாலை போட்ட முதல் வாரத்திலேயே எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. மாலை போட்டவனுக்கு யாரும் சிகரெட் நீட்டுவதில்லை. சண்டை போட்டவன்கூட "மன்னிச்சிருங்க சாமி" என்று வாயால் சொல்லிவிட்டுப் போனான். அதற்கு முன்னால் இரண்டு முறை நானாக விட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு முறை நான்கு நாள், ஒரு முறை பதினொரு நாள். இரண்டு முறையும் பிடிக்கும் ஆசை என்னைத் தோற்கடிக்கவில்லை. நீட்டின கையை மறுக்கத்தான் முடியவில்லை. என்ன பெரிய மனுஷனாயிட்டியா, வூட்ல திட்டுறாங்களா, டாக்டர் நாள் குறிச்சுட்டாரா என்று கேட்பார்கள். பதில் சொல்லி மாளாது. மாலைக்கு யாரும் காரணம் கேட்கவில்லை. அதனால் மாலையின் பின்னால் ஒளிந்துகொண்டேன். உன் அம்மா ஐந்து மாதமும் விடிவதற்கு முன் தலைக்குக் குளித்துச் சமைத்தாள். தை மாதமே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "சாமியையும் ஏமாத்துறீங்க, புள்ளையையும் ஏமாத்துறீங்க. எதுக்கோ, நல்லதுக்குன்னா சரி" என்றாள். அவள் உன்னிடம் காட்டிக்கொடுக்கவில்லை. நீ பாஸ் செய்ததும் ஊரெல்லாம் என் விரதத்தைப் புகழ்ந்தார்கள். நான் அதையும் வாங்கிக்கொண்டேன்.

சித்திரையில் மாலையைக் கழற்றியபோது பஸ் ஸ்டாண்டில் எனக்கு நீட்டும் பழக்கம் அவர்களுக்கே விட்டுப்போயிருந்தது. ஒருத்தர் இரண்டு பேர் நீட்டினார்கள், தொண்டை சரியில்லை என்றேன், அதோடு போயிற்று. நான் டீக்கடைப் பக்கம் போவதைக் குறைத்தேன். வேர்க்கடலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். எட்டு மாதம் போனது. நீ திருச்சிக்குப் பாலிடெக்னிக் படிக்கப் போய்விட்டாய். அந்த டிசம்பரில் ஜமால் வந்தான்.

அதே மாதிரி பஸ் ஸ்டாண்டில் இறங்கினான். அதே மாதிரி பெட்டியைத் திறந்தான். "மாப்ள, ரெண்டு வருசமா ஒனக்குன்னு தான் தூக்கிட்டு அலையிறேன்" என்று பண்டலைக் கையில் வைத்தான். விட்டுவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன். அரபுநாட்டு வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டி, சிரித்துக்கொண்டு நிற்கிறான். அவன் கொண்டுவந்ததை வேண்டாம் என்றால் அவனையே வேண்டாம் என்றதாகிவிடும் என்று தோன்றியது. பாக்கெட்டைப் பிரித்தேன். அவனுக்கு ஒன்று கொடுத்தேன், எனக்கு ஒன்று. முதல் இழுப்பில் தலை சுற்றியது. அவனும் இருமினான். ஊர்த் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றான். நான் நம்பினேன்.

இப்படி மூன்று லீவு. ஒவ்வொன்றும் இரண்டு மாதம். அவன் இருக்கும்வரை பிடிப்பேன், அவன் போன மறுநாள் மிச்சத்தைக் கண்டக்டர்களுக்குக் கொடுத்துவிட்டு நிறுத்துவேன். கேட்கச் சுலபமாக இருக்கும். நிறுத்தின ஒவ்வொரு முறையும் ஒரு மாதம் நான் மனுஷனாக இல்லை. இரண்டாவது லீவு முடிந்த வாரம் குழம்பில் உப்பு இல்லை என்று சோற்றுத் தட்டைக் காலால் தள்ளினேன். உன் அம்மா சாதத்தைக் கையால் கூட்டி அள்ளினாள். நீ அப்போது விடுமுறைக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாய். பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். அப்பா ஏன் அப்படிச் செய்தார் என்று இத்தனை வருஷமாக நீ கேட்கவில்லை. காரணம் இதுதான். காரணம் சொல்வதால் தட்டு திரும்பி வராது.

இரண்டாயிரத்தைந்தில் ஜமால் தம்மாமில் இறந்துபோனான். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். சிகரெட்டால்தான் போனான் என்று உன்னைப் பயமுறுத்த மாட்டேன், நான் டாக்டர் இல்லை. அவனோடு ஒரே ரூமில் ஏழு வருஷம் இருந்த ஆள், அவரும் லப்பைக்குடிக்காடுதான், ஒரு மாதம் கழித்து அவன் பெட்டியைக் கொண்டுவந்தார். எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். வண்டி ஏறிப் போனேன். ஜமால் வீட்டு முன்கூடத்தில் ஆம்பிளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஆள் பெட்டியிலிருந்து ஒரு பண்டலை எடுத்து என்னிடம் கொடுத்தார். தங்கக் கலர். மேலே ஜமால் கையெழுத்தில் என் பெயர். அடுத்த மாதம் லீவு என்று முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தானாம்.

எதையாவது பேச வேண்டுமே என்று, "அங்கயும் நெறயப் பிடிப்பானா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவரு எங்கண்ணே பிடிச்சாரு? விட்டு ஆறேழு வருசம் ஆச்சே. ரூம்ல எட்டுப் பேரு, ஒருத்தருக்கு வீசிங். ஒரு நோன்புல மாசம் பூரா பகல்ல பிடிக்காம இருந்தாரு. பெருநாள் அன்னைக்கு எங்க எல்லாரையும் உக்கார வச்சு, இனிமே ரூம்ல யாரும் பத்த வைக்கக் கூடாதுன்னுட்டாரு. நாங்க அஞ்சு பேரு அவராலதான் விட்டோம்."

பண்டலை மடியில் வைத்துக்கொண்டேன். அவரே சொன்னார். "ஊருக்குப் போனா மட்டும் ஒங்களோட பிடிப்பேன்னு சொல்வாரு. ஏண்ணே திரும்பவும்னு கேப்போம். நான் மாட்டேன்னா அவன் ஒத்தையா நிப்பான், மனசு ஒடிஞ்சிருவான்டான்னுவாரு. திரும்பி வந்த பொறவு அங்க ஒரு மாசம் கஷ்டப்படுவாரு."

எந்த வருஷத்து நோன்பு என்று கேட்டேன். சொன்னார். நான் டைம் கீப்பர், கணக்குப் போடாமல் இருக்க முடியாது. அந்த நோன்பு மார்கழியில் வந்தது. நான் மாலையோடு வெறுங்காலில் நடந்த அதே மார்கழி. அவன் அங்கே விட்ட மாதமும் நான் இங்கே விட்ட மாதமும் ஒன்று. பிறகு ஆறு வருஷம், எனக்காக அவனும் அவனுக்காக நானும், வேண்டாத புகையை மாறி மாறிப் பற்றவைத்திருக்கிறோம்.

அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. டீ கொடுத்தார்கள், குடித்தேன். ஐந்து பத்துக்குக் கிளம்பும் வண்டியைப் பிடித்துத் திரும்பினேன். அது குன்னத்தில் நான்கு நிமிஷம் லேட். மறுநாள் வேலைக்குப் போனேன், நோட்டில் எழுதினேன். அன்றிலிருந்து எனக்கு உள்ளே ஏதோ மரத்துப்போய்விட்டது, தம்பி. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னத்தைக் கிள்ளினாலும் தெரியாதே, அப்படி. நீ துபாயிலிருந்து முதல் சம்பளம் அனுப்பினபோதும் அப்படித்தான் இருந்தேன். உனக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தபோதும் அப்படித்தான். அப்பாவுக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லையோ என்று நீ அம்மாவிடம் கேட்டாயாம். பெண் நல்ல பெண். எனக்குத்தான் முகத்தில் கொண்டுவரத் தெரியவில்லை.

போன வருஷம் நீ முதல் லீவில் வந்தாய். நம் பக்கத்து வழக்கப்படி அப்பனுக்கு நேராக நீட்டாமல், துண்டில் சுற்றி அம்மாவிடம் கொடுத்தாய். "ஜமால் மாமா இல்லயே, இனிமே நாந்தானே வாங்கியாரணும்" என்று நீ சொன்னது உள் அறையில் இருந்த எனக்குக் கேட்டது. அதே தங்கக் கலர் பண்டலைத் தேடி வாங்கியிருந்தாய். ஜமாலின் கடைசி லீவுக்குப் பிறகு நான் தொடவே இல்லை. அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் வாங்கிக்கொண்டேன். பிரிக்காமல் வைத்தால் நீ வருத்தப்படுவாய் என்று ஒரு பாக்கெட்டைப் பிரித்து, சாயங்காலம் கொல்லைப் பக்கம் போய் ஒன்றைப் பிடித்தேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று அம்மா முணுமுணுத்தாள். பட்டும் புத்தி வரவில்லை என்று அவள் சொன்னது சரிதான். ஜமாலிடம் செய்த அதே தப்பை என் பிள்ளையிடமும் செய்தேன்.

இன்னொன்றும் உண்டு. நீ இருந்த முப்பது நாளில் நான் பிடித்தது ஆறு. நான்கு பாக்கெட் காலியாகியிருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் துண்டுகள் கிடந்தன. சாப்பிட்டதும் நீ அந்தப் பக்கம் போவதும், ஏலக்காய் மென்றுகொண்டு திரும்புவதும் எனக்குத் தெரியாமல் இல்லை. அப்பன் முன்னால் பிடிக்கக் கூடாது என்று நீ காட்டின மரியாதைக்கு நான் என்ன சொல்வது? நான் திறந்து வைத்ததிலிருந்துதான் நீ எடுத்தாய். உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை.

ஆனால் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அங்கேயும் பிடிக்கிறாயா, அல்லது இங்கே வந்தால் மட்டுமா? அங்கே உன் ரூமில் யார் யார் இருக்கிறார்கள்? சைட்டில் சூப்பர்வைசர் நீட்டினால் மறுக்க முடியவில்லையா? இதற்கெல்லாம் நீ பதில் எழுத வேண்டியதில்லை. விடு என்று சொன்னால் யாரும் விடுவதில்லை, எனக்குத் தெரியும். என் அப்பா சொல்லி நான் விட்டேனா? சிகரெட்டை ஒருவன் தனியாகப் பிடிப்பதில்லை. அதனால் தனியாக விடவும் முடிவதில்லை. உன் பக்கத்தில் உட்காருகிறவன் யார், உன் ரூமில் என்ன வழக்கம், சண்டை வந்தால் எப்படி ராசியாகிறீர்கள், அதைப் பார். அதை மாற்ற முடிந்தால் மாற்று. உன்னை நம்பிக் கை நீட்டுகிறவனிடம் வேண்டாம் என்று வாயால் சொல். அவன் மனம் ஒடிந்துவிடாது. எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அதனால் ஆறு வருஷம் வீணாயிற்று. கல்யாணத்துக்குப் பிறகு உன் பெண்டாட்டியிடம் எதையும் ஏலக்காய் மென்று மறைக்காதே. உன் அம்மாவைப் போல அவளும் எல்லாம் தெரிந்துகொண்டு சும்மா இருப்பாள். அந்தச் சும்மா இருப்பது அவர்களுக்குச் சுலபம் இல்லை.

ஜமால் பண்டல் பீரோவில் இருக்கிறது, பிரிக்கவில்லை. நீ கொண்டுவந்ததில் மீதி ஆறு பாக்கெட்டை நேற்று அடுப்பில் போட்டேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

நீ வருகிற அன்றைக்கு திருச்சியிலிருந்து எந்த வண்டி என்று போன் பண்ணு. டைம் ஆபீஸ் வாசலில் நிற்கிறேன். ஏர்போர்ட் கடைக்குள் போகாதே. எனக்கு என்று எதையும் தூக்கி வராதே, இறங்கினதும் இரண்டு பேரும் ஒரு டீ குடிப்போம். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் திண்டாடுவோம், பரவாயில்லை. அந்த எட்டு நிமிஷத்தில் ஜமாலிடம் நான் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை இருக்கிறது. அதை உன்னிடமும் நேரில் சொல்லத் தைரியம் வராதோ என்று பயந்து, இப்போதே எழுதிவிடுகிறேன்.

நான் விட்டுட்டேன், தம்பி.

உன் அப்பா